ரிஷிகேஷில் ஏழு நாளும் ஒரு முட்டுவலியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு யோகா வராது. குனிந்து கால் பெருவிரலைத் தொடச் சொன்னால் என் கை முட்டியோடு நின்றுவிடும். அப்படிப்பட்டவன் போன மே மாதம் ரிஷிகேஷில் ஒரு யோகா ரிட்ரீட்டில் ஏழு நாள் இருந்துவிட்டு வந்தேன் என்றால் வகுப்பில் எவனும் நம்பவில்லை. "என்னல, சாமியாராப் போறியா?" என்றார்கள். காஸ்ட் அக்கவுண்டிங்கில் அரியர் வைத்திருக்கும் பி.காம். மாணவன் சாமியாராகப் போவதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நான் போனது அதற்கல்ல. மொழிபெயர்ப்பாளராகப் போனேன்.

அக்கா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது, அம்மா வீட்டை விட்டு எங்குமே போகவில்லை, ஒரு மாறுதல் வேண்டும் என்று அவளாகவே முடிவு செய்து, அவளாகவே இணையத்தில் தேடி, அவளாகவே பணமும் கட்டிவிட்டாள். (எவ்வளவு என்று இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் அம்மா சாப்பிட மாட்டாள்.) அம்மாவுக்குத் தமிழ் தவிர வேறு பாஷை தெரியாது. அங்கே வகுப்பெல்லாம் இங்கிலீஷில். எனக்கு அப்போதுதான் செமஸ்டர் முடிந்திருந்தது. வேறென்ன வேண்டும்?

எங்கள் ஊர் சேரன்மகாதேவி. திருநெல்வேலியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து ஹரித்வார் என்று மூன்று ரயில். அம்மா மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை, முறுக்கு, நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் கட்டிக்கொண்டதோடு நிற்காமல், சுருட்டிய பத்தமடைப் பாய் ஒன்றையும் தூக்கிக்கொண்டாள். "யோகான்னா பாய் வேணும்லா?" அங்கே ரப்பர் பாய் கொடுப்பார்கள் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. ஹரித்வாரிலிருந்து ரிஷிகேஷ் 25 கிலோமீட்டர்தான். ஆனால் மே மாதம் பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரை நேரம். சாலை முழுக்க வண்டிகள் எறும்பாக ஊர்ந்தன. அந்தத் தூரத்துக்கு இரண்டரை மணி நேரம். பாய் என் மடியில்.

தபோவன் என்ற பகுதியில், மேட்டில் இருந்தது நாங்கள் தங்கிய இடம். கீழே கங்கை. மாடியிலிருந்து பார்த்தால் லட்சுமண் ஜூலா தெரியும். 1930-ல் திறந்த தொங்குபாலம். வலுவிழந்துவிட்டது என்று 2019-ல் போக்குவரத்தை நிறுத்தச் சொன்னார்களாம். படத்தில் பார்த்து ஆசைப்பட்ட பாலத்தை ஓரமாக நின்று பார்த்ததோடு சரி.

எங்களோடு பதினான்கு பேர். ஜெர்மனியிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ் பாட்டி ஒருவர், பிரேசில் நாட்டுக் கணவன் மனைவி, ராணுவச் சேவை முடித்த இஸ்ரேல் பையன் ஒருவன் (என் வயதுதான் இருப்பான், ஆனால் கண்ணைப் பார்த்தால் நாற்பது சொல்லலாம்), குர்கானில் ஐ.டி. வேலை பார்க்கும் பெண், இன்னும் சிலர். போனதும் கைப்பேசியை வாங்கி அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் கையில் கிடைக்கும்.

முதல் நாள் மாலை எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தார் ஆசிரியர். அவர் உத்தராகண்ட் மலைக்காரர், முப்பது வயதுக்குள்தான். ஒவ்வொருவரும் எதற்காக வந்தோம் என்று சொல்ல வேண்டும். சங்கல்பமாம். குர்கான் பெண் வேலையில் வெந்துபோய்விட்டதாகச் சொன்னார். ஜெர்மன் பாட்டி, முப்பது வருடம் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டேன், இனி என்னைப் பார்க்க வேண்டும் என்றார். இஸ்ரேல் பையன் 'தூங்க வேண்டும்' என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டான். நான் எல்லாவற்றையும் அம்மா காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பிறகு அம்மாவின் முறை வந்தது.

அம்மா ஏதாவது "சும்மா, கங்கையப் பாக்க வந்தேன்" என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன். அவள் பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"இவங்கப்பா தூக்கத்துலயே போயிட்டாவ. நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன். எனக்குத் தெரியல. காலையில காப்பி போட்டுட்டு வந்து எழுப்புதேன், ஒடம்பு சில்லுன்னு இருக்கு. அதுலருந்து ராத்திரி மூணு மணியானா முழிப்பு வந்துரும். படுத்திருக்க முடியாது. எந்திச்சுப் போயி இவன் ரூமு வாசல்ல நின்னு, மூச்சு விடுதானான்னு கேட்டுட்டு வருவேன். கொஞ்ச நாளா இவன் கதவத் தாப்பா போட்டுக்கிடுதான். அப்போ கதவுல காத வச்சுக் கேப்பேன். ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. விடியிற வரைக்கும் அங்ஙனயே உக்காந்திருப்பேன்."

இரண்டு நிமிடம் பேசியிருப்பாள். அழவில்லை. சமையல் குறிப்பு சொல்வது மாதிரி சொன்னாள்.

அந்தக் காலடிச் சத்தம் எனக்குத் தெரியும். இரண்டு வருடமாகக் கேட்டிருக்கிறேன். ராத்திரி போனை நோண்டுகிறேனா என்று வேவு பார்க்க வருகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கதவைத் திறந்து "என்ன, செக் பண்ண வந்தியா?" என்று கத்தியிருக்கிறேன். அதற்கப்புறம்தான் தாழ்ப்பாள்.

பதினான்கு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொழிபெயர்க்க வேண்டும்.

"ஷீ ஹேஸ் நீ பெயின்" என்றேன்.

ஆசிரியர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிரேசில்காரர் மட்டும், தமிழ் ரொம்ப நீளமான மொழி போலிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் என்னவென்று தெரியாமலேயே சிரித்தாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே அறை, இரண்டு கட்டில். சரியாக மூன்று மணிக்கு அம்மா எழுந்து உட்கார்ந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கட்டிலின் சத்தம், அப்புறம் காலடிச் சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. பக்கத்தில் நிற்கிறாள் என்று தெரிந்தது. எழுந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. கொஞ்சம் சத்தமாக மூச்சு விட்டேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. சற்று நேரத்தில் அவள் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இனி அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். போக நினைப்பவர்களுக்கு உதவும்.

காலை ஐந்து மணிக்கு மணி அடிப்பார்கள். பள்ளிக்கூட மணி மாதிரி இல்லை, ஒரு ஆள் கைமணியை ஆட்டிக்கொண்டே ஒவ்வொரு அறை வாசலிலும் வந்து நிற்பார். துளசியும் இஞ்சியும் போட்ட வெந்நீர் ஒரு டம்ளர் கிடைக்கும். அதை அவர்கள் டீ என்றார்கள். பிறகு ஜலநேத்தி. கெண்டி மாதிரி ஒரு பாத்திரத்தில் இளஞ்சூடான உப்புத்தண்ணீரை எடுத்து, ஒரு மூக்கில் ஊற்றி மறு மூக்கு வழியாக வரவைக்க வேண்டும். அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். நான் செய்தேன். தாமிரபரணியில் முதன்முதலாக முங்கியபோது மூக்கில் ஏறியது ஞாபகம் வந்தது.

ஆறு மணிக்குப் பிராணாயாமம். ஆறரையிலிருந்து எட்டுவரை ஆசனம். எட்டரைக்குக் காலைச் சாப்பாடு. முந்தின ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து காலைச் சாப்பாடு முடிகிறவரை மௌனம். ஒன்பதரைக்கு 'கர்ம யோகா', அதாவது காய் நறுக்குவது, பாத்திரம் தேய்ப்பது, கூட்டுவது. பதினொன்றுக்குத் தத்துவ வகுப்பு. மத்தியானச் சாப்பாடு, ஓய்வு. மூன்று மணிக்கு யோக நித்திரை. நாலரைக்கு மறுபடி ஆசனம். மாலை ஆற்றங்கரையில் ஆரத்தி. எட்டு மணிக்குச் சாப்பாடு. ஒன்பதரைக்கு விளக்கணைப்பு.

சாப்பாட்டில் வெங்காயம், பூண்டு கிடையாது. ரிஷிகேஷ் ஊருக்குள் அசைவமும் மதுவும் விற்கக் கூடாது என்பதால் அதற்கும் வழியில்லை. கிச்சடி, பருப்பு, சப்பாத்தி, வேகவைத்த காய். காரம் என்ற சொல்லே அவர்கள் அகராதியில் இல்லை. தட்டு ஒன்றுக்கு அடக்க விலை என்ன இருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன், மூலப்பொருள் இவ்வளவு, கூலி பூஜ்யம் (காய் நறுக்கியதே நாங்கள்தானே!). பரீட்சையில் வராத காஸ்ட் அக்கவுண்டிங் அங்கே நன்றாக வந்தது :)

மூன்றாம் நாள் அம்மா இடுப்பிலிருந்து மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தை எடுத்தாள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1968 பிப்ரவரியில் பீட்டில்ஸ் இசைக்குழு இதே ரிஷிகேஷில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்கு வந்தபோது, ரிங்கோ ஸ்டார் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று பெட்டியில் பீன்ஸ் டப்பாக்களோடு வந்து, பத்து நாளில் ஊருக்குக் கிளம்பிவிட்டார். அம்மா ஏழு நாளும் தாக்குப் பிடித்தாள். அந்த ஆசிரமம் பிறகு கைவிடப்பட்டுக் காடாகி, 2015-ல் வனத்துறை அதைப் பார்வையாளர்களுக்குத் திறந்தது. அம்மாவுக்கு பீட்டில்ஸ் தெரியாது. நான் விளக்கியபோது, "எத்தன பேரு? நாலு பேரா? சமையலுக்கு ஆளு கூட்டிட்டு வந்திருக்கலாம்லா" என்றாள்.

அம்மாவை உண்மையில் வாட்டியது காபிதான். இரண்டாம் நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. முப்பது வருடமாக விடிந்ததும் காபி குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் அப்படித்தான் செய்யும் என்று ஜெர்மன் பாட்டி சொன்னார். ஆசிரியர் அதை 'நச்சு வெளியேறுகிறது' என்றார். எனக்கு நர்ஸ் சொன்னதுதான் சரியென்று பட்டது.

மொழிபெயர்ப்பு வேலை நினைத்த மாதிரி லேசாக இல்லை. 'இன்ஹேல், எக்ஸ்ஹேல்' வரைக்கும் பிரச்சினையில்லை. "உன் இடுப்பெலும்பைத் தளர விடு", "இதயத்தை வானத்துக்குத் திற" என்றெல்லாம் ஆசிரியர் சொல்லும்போது பெற்ற தாயிடம் எப்படிச் சொல்வது? "நெஞ்ச நிமித்தும்மா" என்று முடித்துக்கொள்வேன். 'லெட் கோ' என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வார். முதலில் "விட்டுரும்மா" என்றேன். "என்னத்தல விட?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தத்துவ வகுப்பில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. நாம் யோகா என்றால் ஆசனம் என்று நினைக்கிறோம். பதஞ்சலி சொன்ன எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவது. அவருடைய நூலில் ஆசனத்துக்கென்று இருப்பதே மூன்று சூத்திரங்கள்தான், அதிலும் எந்த ஆசனத்தின் பெயரும் கிடையாது. இன்று உலகமெங்கும் செய்கிற ஆசன வரிசைகளில் பெரும்பங்கு 1930-களில் மைசூர் அரண்மனையில் சொல்லிக்கொடுத்த கிருஷ்ணமாச்சாரியாரிடமிருந்தும் அவருடைய மாணவர்களிடமிருந்தும் கிளம்பியது. அவர் கடைசிக் காலத்தில் சென்னையில்தான் இருந்தார், 1989-ல் மறைந்தார். குர்கான் பெண் இதைக் கேட்டுக் கொஞ்சம் ஏமாந்துபோனார். ஐயாயிரம் வருடம் என்று விளம்பரத்தில் போட்டிருந்ததாம்.

இப்போது முட்டுவலிக்கு வருகிறேன்.

இரண்டாம் நாள் காலையிலேயே அம்மாவின் பாய்க்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, இரண்டு தலையணை, நான்கு மரக்கட்டைகள் வந்து சேர்ந்தன. ஆசிரியர் ஒவ்வொரு ஆசனத்துக்கும் ஓடிவந்து அம்மாவின் முட்டிக்கடியில் தலையணையை வைத்தார். அம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். பிறகு மாலாசனம் என்று ஒன்று சொன்னார். குத்த வைத்து உட்காருவதுதான். வெளிநாட்டுக்காரர்கள் குதிகாலை ஊன்ற முடியாமல் தடுமாறிப் பின்னால் சாய்ந்தார்கள். அம்மா அப்படியே உட்கார்ந்து, பத்து நிமிடம் ஆகியும் எழவில்லை. வாழ்நாள் முழுக்க அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்தவள். "இது என்ன பெரிய வித்தையால?" என்று என்னிடம் கேட்டாள்.

ஆனால் அவர்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்! அவ்வளவு முட்டுவலியோடு ஒரு அம்மா வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். பிரேசில் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. கர்ம யோகாவில் அம்மா பட்டாணி உரித்தபோதும் அதே குத்துக்கால்தான். ஐந்து கிலோ பட்டாணியை, மற்ற எல்லோரும் சேர்ந்து ஒரு கிலோ முடிப்பதற்குள் முடித்தாள். சமையற்காரர்கள் அவளை 'மாதாஜி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆசிரியர் வகுப்பில், வலியைத் தாண்டிப்போவதற்கு இந்தத் தாயைப் பாருங்கள் என்று உதாரணம் காட்டினார். நான்தான் அதையும் மொழிபெயர்க்க வேண்டும். "நல்லா செய்றீங்கன்னு சொல்லுதாரும்மா" என்றேன். ஒரு பொய் சொன்னால் அதைக் காப்பாற்ற எத்தனை பொய் வேண்டும் என்பதை நேரடியாகப் பார்த்தேன்.

நான்காம் நாள் மத்தியானம் ஓய்வு விட்டார்கள். முனி கி ரேத்தியில் இருக்கும் சிவானந்தர் ஆசிரமத்துக்கு அம்மா போக வேண்டும் என்றாள். சுவாமி சிவானந்தர் எங்கள் பக்கத்து ஊர், பத்தமடை. 1887-ல் பிறந்தார், பெயர் குப்புசுவாமி. மருத்துவம் படித்து மலேயாவில் பத்து வருடம் போல டாக்டராக இருந்து, அதை விட்டுவிட்டு 1924-ல் ரிஷிகேஷ் வந்து சந்நியாசம் வாங்கினார். 1936-ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை ஆரம்பித்தார். இங்கும் நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதை அவர் விடவில்லை. எங்கள் வகுப்பில் மூன்று மணிக்கு நடக்கும் யோக நித்திரையை இன்றைய வடிவில் அமைத்த சத்யானந்தரும் அவருடைய சீடர்தான்.

"பத்தமடையில கெடந்த ஆளு, எங்க வந்து ஒக்காந்திருக்காவ பாரு" என்றாள் அம்மா, சமாதி மண்டபத்தில். அங்கே கும்பகோணம் பக்கத்துப் பெரியவர் ஒருவரைப் பார்த்தோம். மனைவியை இழந்தபின் வருடத்தில் சில மாதம் இங்கே வந்து தங்குகிறாராம். அம்மாவும் அவரும் படிக்கட்டில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினார்கள். நான்கு நாளில் அம்மா நான் இல்லாமல் ஒருவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. நான் தள்ளி நின்று கங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பும்போது ராம் ஜூலா பக்கம் ஒரு கடையில் ஏலக்காய் டீ குடித்தோம். காபி இல்லை. "பரவால்ல" என்று சொல்லி இரண்டு கிளாஸ் குடித்தாள்.

அன்றைய ராத்திரியும் மூன்று மணிக்கு எழுந்தாள். நானும் விழித்துத்தான் இருந்தேன். மௌன நேரம் என்பது இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது.

ஐந்தாம் நாள் யோக நித்திரையில் ஒன்று நடந்தது. எல்லோரும் மல்லாந்து படுத்திருக்க, ஆசிரியர் உடம்பின் ஒவ்வொரு பாகமாகச் சொல்லிக்கொண்டு வருவார், மனதை அங்கே கொண்டுபோக வேண்டும். நான் அம்மா காதருகே கிசுகிசுத்தேன். வலது கைப் பெருவிரல். ஆட்காட்டி விரல். நடுவிரல். உள்ளங்கை. மணிக்கட்டு. முழங்கை வரை வந்தபோது ஒரு சத்தம். அம்மா குறட்டை விட்டாள். அப்பா இருந்த காலத்தில் கேட்ட குறட்டை. நான் நிறுத்திவிட்டேன். மணி அடித்து எல்லோரும் எழுந்தபோது ஆசிரியர் வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போனார். நாலரை மணி ஆசன வகுப்பு மாடியில், அந்த மே மாத வெயிலில் நடந்தது. அதற்காக யாரும் முகம் சுளிக்கவில்லை. நான் அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு தடவை குறட்டை நின்றுவிட்டது. குனிந்து மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன்.

அவள் எழுந்தபோது ஐந்தரை. கைப்பேசி கொடுக்கும் நேரம். ஜெர்மன் பாட்டி தன் போனை எடுத்துக்கொண்டு நேராக அம்மாவிடம் வந்தார். மொழிபெயர்க்கும் செயலியில் ஏதோ பேசினார். போன் தமிழில் சொன்னது: "உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி உள்ளது?"

அம்மா என்னைப் பார்த்தாள். "எனக்கு எங்கல முட்டுவலி? எல்லாரும் எதுக்கு எம் முட்டையே பாக்காவ?"

சொல்லிவிட்டேன். வட்டத்தில் அன்று நான் என்ன சொன்னேன் என்று. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரிதான்யா. அத்தன பேரு முன்னால வீட்டு விசயத்த நான் சொல்லியிருக்கக் கூடாது. ஒனக்கு அசிங்கமாத்தான் இருந்திருக்கும்" என்றாள்.

பாட்டியிடம் திரும்பி முட்டியைத் தட்டிக் காட்டி, கையை ஆட்டிச் சிரித்தாள், பரவாயில்லை என்கிற மாதிரி. என் பொய்யை எனக்காக அவளே காப்பாற்றினாள். அன்று ராத்திரிக் கிச்சடி எனக்கு இறங்கவில்லை.

கடைசி நாள் மாலை மறுபடி வட்டம். அம்மாவின் முறை வந்தபோது எழுந்து கும்பிட்டு, "எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அதைச் சொல்லவில்லை. முதல் நாள் அம்மா சொன்னதைச் சொன்னேன். அப்பாவிலிருந்து ஆரம்பித்து, சில்லென்றிருந்த உடம்பு, மூன்று மணி, கதவு, தாழ்ப்பாள், ஃபேன் சத்தம் வரை. நான் கத்தியதையும் சேர்த்துச் சொன்னேன். என் இங்கிலீஷ் ஒன்றும் பிரமாதமில்லை. நடுவில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன். அம்மாவுக்கு 'டோர்', 'ஃபேன்' என்ற சொற்கள் தெரியுமே! அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஜெர்மன் பாட்டி எழுந்து வந்து அம்மாவின் பாயில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இஸ்ரேல் பையன்தான் முதலில் வாயைத் திறந்தான். மூன்று மணியா, எனக்கும் அதே மூன்று மணிதான் என்றான். வேறு எதுவும் விளக்கவில்லை.

"என்ன சொல்லுதான்?" என்று அம்மா கேட்டாள். சொன்னேன். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெந்நீர்ல காலக் கழுவிட்டு, உள்ளங்கால்ல கொஞ்சம் நல்லெண்ண தடவிட்டுப் படுக்கச் சொல்லு. ராத்திரி வெறும் வயித்தோட படுக்கக் கூடாது. அவன் அம்மா இருக்காளான்னு கேளு."

ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். நல்லெண்ணெய்க்கு இங்கிலீஷ் தெரியாமல் குர்கான் பெண்ணைக் கேட்டு 'தில் கா தேல்' என்று அவர் புரிந்துகொண்டு சொன்னது தனிக் கதை. அம்மா இருக்கிறாராம். ஹைஃபாவில்.

ஊருக்கு வந்து சில மாதம் ஆகிறது. அம்மா ஆசனம் எதுவும் செய்வதில்லை. பிரமரி என்று காதைப் பொத்திக்கொண்டு வண்டு மாதிரி ரீங்காரம் செய்யும் மூச்சுப் பயிற்சி ஒன்று மட்டும் பிடித்துப்போய், பூஜை அறையில் செய்கிறாள். பக்கத்து வீட்டுச் சின்னப் பையன் மிக்ஸி ஓடுகிறது என்று நினைத்தானாம். மூன்று மணி விழிப்பு சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. என் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஸ்க்ரூடிரைவரால் நானே கழற்றிவிட்டேன். ஃபேனையும் மூன்றில் வைத்துக்கொள்கிறேன், ஐந்தில் வைத்தால் சத்தம் அதிகம்.

பத்தமடைப் பாய் இப்போது ஜெர்மனியில் இருக்கிறது. கிளம்பும்போது பாட்டி ஆசைப்பட்டுக் கேட்க, அம்மா கொடுத்துவிட்டாள். பதிலுக்கு அவர் தன்னுடைய ஊதா நிற ரப்பர் பாயைக் கொடுத்தார். நல்ல விலையுயர்ந்த பாய். வழுக்காது, தண்ணீர் ஊறாது. மொட்டை மாடியில் அதில்தான் கூழ் வத்தல் காய்கிறது.